பின்கதவுக்கு ஒரு நட்சத்திரம்

காலையில் கண் விழித்தபோது பெய்ஷெனாலிக்கு வயது எண்பத்தொன்று. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அது ஐம்பத்தெட்டாகக் குறைந்தது. இடையில் அவர் எந்த லேகியமும் சாப்பிடவில்லை. முதியோர் இல்லங்களின் தரம் மற்றும் பாதுகாப்பு மதிப்பீட்டுக் குழு தலைநகரிலிருந்து வந்திருந்தது, அவ்வளவுதான்.

குழு வருகிறது என்று தகவல் வந்த நாளிலிருந்தே, இசிக்குல் ஏரியின் தென்கரையில் இருக்கும் அந்த இல்லம் பாதுகாப்பாகிக்கொண்டே வந்தது.

முதலில் கைத்தடிகள் போயின. தடுக்கி விழ வாய்ப்புள்ள பொருள் என்று குழு அனுப்பிய வழிகாட்டுக் குறிப்பில் இருந்ததாம். எல்லாத் தடிகளையும் சேகரித்து, கூடத்துச் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டி, ‘அவசரத்துக்கு மட்டும்’ என்று எழுதிவைத்தார்கள். அவசரம் வந்தால் அதுவரை எப்படி நடந்து போவது என்று குறிப்பில் இல்லை.

அடுத்தது டீ. சூடான டீ வாயைச் சுடும். ஆகவே ஆறவைத்து, ஆறிவிட்டதா என்று ஒருவர் விரல் விட்டுப் பார்த்த பிறகே கோப்பையில் ஊற்றினார்கள்.

பிறகு ஒன்பது குழி ஆட்டத்தின் உருண்டைகள். தொண்டையில் சிக்கும் அபாயம். உருண்டைகளை எடுத்துக்கொண்டு, பலகையின் குழிகளில் உருண்டைகளைப் பெயிண்டால் வரைந்து கொடுத்தார்கள். பெய்ஷெனாலியும் பக்கத்து அறை சூராகான் கிழவியும் எதிரெதிரே உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“யாரு ஜெயிக்கிறது?” என்று கேட்டாள் இல்லத்தின் தலைவி அனார்கான், ஊக்கப்படுத்தும் குரலில்.

“நேத்து நான்தான் முன்னால இருந்தேன்” என்றாள் சூராகான். “இன்னிக்கும் நான்தான். நாளைக்கும் இவனுக்கு விமோசனம் கிடையாது.”

இதையெல்லாம் பெய்ஷெனாலி பொறுத்துக்கொண்டார். மலை மேய்ச்சலுக்குக் குதிரையில் தபால் கொண்டுபோன மனிதர். பனிப்புயலில் சிக்கி ஆறின டீ குடித்திருக்கிறார். ஆனால் போன வாரம் பின்கதவைப் பூட்டினார்கள். அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பின்கதவுக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் தோட்டம். தோட்டத்தில் அவருடைய செம்பட்டைக் குதிரை. கிழட்டுப் பெண்குதிரை. தபால் வேலையின் கடைசிக் காலத்தில் குட்டியாக வந்து சேர்ந்தவள். மனைவி போய், மகன் ரஷ்யாவுக்குப் போய், வீடும் கைவிட்டுப் போனபோது இல்லத்துக்கு வந்தவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். குதிரையும் வரும். அனார்கான் அன்றைக்குத் தலையாட்டினாள். தினமும் காலையில் அந்தக் கதவைத் திறந்து, தண்ணீர் வைத்து, காதைச் சொறிந்துவிட்டு வந்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

“வழிதவறிப் போயிடுவீங்களாம் தாத்தா” என்றாள் அனார்கான், கண்ணைப் பார்க்காமல். “கதவு தெறந்திருந்தா அஞ்சாவது நட்சத்திரம் வராது.”

“தோட்டத்துல வழி தவற என்ன இருக்கு? பதினாலு மரம். நடுவுல ஒரு குதிரை.”

“மூணுக்குக் கீழ போனா இந்த எடத்தையே மூடிருவாங்க. உங்க எல்லாரையும் மூட்டை கட்டி எங்கயோ ஒரு பெரிய கட்டடத்துக்கு அனுப்பிருவாங்க. நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க.”

அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். அதனால்தான் அவர் சண்டை போடாமல், அன்றிலிருந்து துணி துவைக்கும் அறையின் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துப் போய்வந்தார். எண்பத்தொரு வயதில் கதவு வழியாகப் போவது ஆபத்து என்று பூட்டியதன் பலன் அது.

குழு வருவதற்கு முதல் நாள் ஒத்திகை நடந்தது. ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால் ‘தரத்துக்கு ஏற்ப இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துக் கேட்டாள் அனார்கான்.

“எப்படி இருக்கீங்க சூராகான் பாட்டி?”

“முட்டி ஒடையுது. மத்தபடி வயிறு சுத்தமா போகுது, கடவுள் புண்ணியம்.”

“பாட்டி, அப்படிச் சொல்லக் கூடாது.”

“பின்ன போகலேன்னு சொல்லவா?”

அனார்கான் அன்று மாலையே ஒரு முடிவுக்கு வந்தாள். இல்லத்தில் எல்லாம் சரியாக இருந்தது. படுக்கை, கைப்பிடி, மருந்தலமாரி, தரை, கூரை, எல்லாம். கிழடுகள் மட்டும்தான் சரியாக இல்லை. ஆகவே மறுநாள் காலை, ஒரு பழைய பஸ்ஸில் எல்லாரையும் ஏற்றி, வெந்நீர் ஊற்றுக்கு உல்லாசப் பயணம் அனுப்பிவைத்தாள்.

பஸ் கிளம்பும்போது பெய்ஷெனாலி தோட்டத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயரைக் கூப்பிட்டபோது சூராகான் பின் சீட்டிலிருந்து “இருக்கான், இருக்கான், தூங்குறான்” என்று குரல் கொடுத்துவிட்டாள்.

தண்ணீர் காட்டிவிட்டுத் துவைக்கும் அறையின் ஜன்னல் வழியாக உள்ளே காலைப் போட்ட பெய்ஷெனாலி நிமிர்ந்து பார்த்தார். எதிரே நான்கு பேர். வெளிறிப்போன அனார்கான். அவளுக்குப் பக்கத்தில் குழுத்தலைவர் ஒமூர்கானோவ். காக்காய்க் கறுப்பில் சாயம் ஏறிய தலைமுடி, அதற்குச் சற்றும் ஒத்துப்போகாத கழுத்துச் சுருக்கம். பின்னால் பாதுகாப்பு நிபுணர் ஐஜாமால். கையில் அளவுநாடா வைத்திருந்த இளம்பெண். கடைசியாகக் குபான் என்ற தடித்த மனிதர். குழுவுக்குக் கார் ஓட்டுவது, சான்றுக்குப் படம் எடுப்பது இரண்டும் அவர் வேலை.

“இவர் யார்?” என்றார் ஒமூர்கானோவ்.

“பாய்லர் ஆளு” என்றாள் அனார்கான். அவள் குரல் எங்கிருந்தோ வந்தது. “ஜன்னல் சரிபார்க்கிறாரு.”

“வயசு?”

“ஐம்பத்தெட்டு” என்றாள். பெய்ஷெனாலி தாடியைத் தடவிக்கொண்டார். நெஞ்சு வரை வெள்ளை.

“பாய்லர் சாம்பல்” என்றாள் அனார்கான்.

ஐஜாமால் ஜன்னலின் உயரத்தை அளந்தாள். “ஐம்பத்தெட்டுல நல்லா ஏறுறீங்க. ஊழியர் உடல்தகுதி, சிறப்பு.”

இப்படியாக பெய்ஷெனாலி ஊழியரானார். ஊழியர் என்பதால் குழு போகுமிடமெல்லாம் நாற்காலி தூக்கிக்கொண்டு கூடவே போக வேண்டியதாயிற்று.

முதல் அறை. கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. ஐஜாமால் குனிந்து மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

“குழியே இல்ல. படுத்த அடையாளமே இல்ல. அருமை.”

“குறிச்சுக்கோங்க” என்றார் ஒமூர்கானோவ். “இந்த மாசம் விழுந்தவங்க?”

“யாருமில்ல” என்றாள் அனார்கான்.

“வழிதவறினவங்க?”

“யாருமில்ல.”

“புகார்?”

“கேக்கவே கேக்கல.”

குபான் காலியான கட்டிலைப் படம் எடுத்தார். அடுத்த அறையிலும் காலியான கட்டில். அதையும் எடுத்தார். பெய்ஷெனாலி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். யாராவது ஒருவர் ‘ஆளெல்லாம் எங்கே?’ என்று கேட்பார்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் எதிர்பார்த்தார். கேட்கவில்லை. அவர்களுக்கு எதுவும் குறைவதாகத் தெரியவில்லை.

சூராகான் கட்டிலின் தலைமாட்டில் அழைப்பு மணி இருந்தது. ஐஜாமால் அழுத்தினாள். மணி ஒலித்தது. யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். நீளமாக ஒலித்தது. யாரும் வரவில்லை.

“ஓசை தெளிவா இருக்கு” என்றாள். “முழு மதிப்பெண்.”

“யாராச்சும் வரணுமே அம்மா” என்றார் பெய்ஷெனாலி.

“அது வேற பிரிவு அண்ணே. நாங்க மணியத்தான் மதிப்பிடறோம். அளக்க முடிஞ்சாத்தான் தரம். ஒரு விஷயத்தத் தெளிவா, ஒரு ஆணி விடாம சொல்ல முடியலேன்னா அது இல்லேன்னுதான் அர்த்தம்.”

பிறகு தீ ஒத்திகை. சைரன் அலறியது. அனார்கான், சமையல்காரி, பெய்ஷெனாலி மூவரும் முன்வாசல் வழியாக வெளியே வந்து நின்றார்கள். ஐஜாமால் கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளே ஓடிப்போய் அறை அறையாகத் தேடிவிட்டு மூச்சிரைக்க வந்தாள்.

“உள்ள ஒருத்தர்கூட இல்ல சார். மொத்த இல்லமும் ஒரு நிமிஷத்துல காலி. நாட்டுலயே இதுதான் முதல் தடவை.”

ஒமூர்கானோவ் நெகிழ்ந்துபோனார். அங்கேயே, முன்வாசல் படியில் நின்று பேசத் தொடங்கிவிட்டார். கேட்க மூன்று ஊழியர்களும் ஒரு நாயும்தான் இருந்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

“நண்பர்களே, பல வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு நாங்க ஒரு உண்மையக் கண்டுபிடிச்சிருக்கோம். முதியோர் இல்லத்துல நடக்கிற விபத்துகள்ல பெரும்பாலானது முதியவங்களுக்குத்தான் நடக்குது. எங்க முதியவங்க அதிகமோ, அங்க ஆபத்து அதிகம். இந்த இல்லம் அந்த ஆபத்த எப்படி இவ்வளவு கொறைச்சுதுன்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு. நாங்க மத்த இல்லங்களுக்கு இத உதாரணமாக் காட்டப்போறோம்.”

நாய் எழுந்து போயிற்று.

கடைசியாகப் பின்கதவு. பூட்டை இழுத்துப் பார்த்த ஒமூர்கானோவின் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு கனைப்பு.

“அது என்ன சத்தம்?”

“காத்தோட்டக் குழாய்” என்றாள் அனார்கான்.

குழாய் மறுபடி கனைத்தது. கண்ணாடி வழியாக எட்டிப்பார்த்த ஐஜாமால், “குதிரை சார்” என்றாள். “கடிக்கலாம், உதைக்கலாம். அதோட அதப் பாத்துட்டு யாருக்காச்சும் வெளிய போகணும்னு ஆசை வரலாம்.”

ஒமூர்கானோவ் யோசித்தார். “பூட்ட நிரந்தரமாக்கிடுங்க. குதிரைய ஞாயித்துக்கிழமை சந்தைக்கு அனுப்பிடுங்க. இது ரெண்டும் பரிந்துரை. சாப்பிட்டு எழுந்ததும் கையெழுத்துப் போட்டுடறேன். அஞ்சாவது நட்சத்திரம் உங்களுக்குத்தான்.”

பெய்ஷெனாலியின் கையிலிருந்த நாற்காலி தரையில் இடித்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிழட்டுக் குதிரையைச் சவாரிக்கு யாரும் வாங்குவதில்லை. கறிக்கடைக்காரர்கள்தான் வாங்குவார்கள். எடை போட்டு.

அவர் அனார்கானைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“சாப்பாடு ஆறுது” என்றாள்.

விருந்தாளிகளுக்காக ஒரு ஆடு அடித்திருந்தார்கள். பூர்சோக் என்ற மாவுத்துண்டுகளைப் பொரித்து மேசை முழுக்கப் பரப்பியிருந்தார்கள். எலும்புத்துண்டுகளை வயதுப்படி, மரியாதைப்படி பங்கு வைப்பது அனார்கானுக்குப் பெரும்பாடாயிற்று. மூத்தவருக்குரிய இடுப்பெலும்பை ஒமூர்கானோவ் தட்டில் வைக்கப் போனாள். அவர் தட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“எனக்கெதுக்கும்மா அது? நான் இன்னும் சின்னவன். ஐம்பத்தொன்பதுதான்.”

குபான் இருமினார். தலைவரின் பதவி நீட்டிப்புக் கோப்பு மேலிடத்தில் இருப்பது காருக்கே தெரியும். இடுப்பெலும்பு அனாதையாக நடுத்தட்டில் கிடந்தது.

எல்லாரும் வயிறார உண்டார்கள். பாய்லர் ஆளும் மேசைக் கோடியில் உட்கார்ந்தார். சாப்பிட மனம் வரவில்லை. கடைசியில் ஒமூர்கானோவ் கையைத் துடைத்துக்கொண்டு, “சரி, கையெழுத்து” என்றபடி எழப் போனார். பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார்.

ஆசி சொல்லவில்லை.

விருந்து முடிந்தால் இருப்பவர்களில் மூத்தவர் கையேந்தி ஆசி கூற வேண்டும். மற்றவர்கள் உள்ளங்கையை விரித்துக் கேட்டு, முடிவில் ‘ஓமின்’ என்று சொல்லி முகத்தை வழித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் எழுந்தவனுக்குத் தின்றது உடம்பில் ஒட்டாது. விரித்த கையை ஓமினுக்கு முன் மடக்கினால், கேட்ட ஆசி அத்தனையும் தலைகீழாகத் திரும்பும். தலைநகரத்தில் எத்தனை படித்தாலும் இதில் மட்டும் யாரும் விளையாடுவதில்லை.

“சொல்லுங்க சார்” என்றார் குபான்.

“நானா? உனக்கு என்ன வயசு?”

“நாப்பத்தாறு. நீங்கதான் சார் மூத்தவரு.”

“மூத்தவர், மூத்தவர்னு சொல்லாத. ஐம்பத்தொன்பது ஒரு வயசா?” அவர் கண்கள் மேசையைச் சுற்றிவந்தன. திடீரென்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்றைய நாள் முழுக்கத் தோன்றாதது. “ஏம்மா, இது முதியோர் இல்லந்தானே? ஒரு முதியவரைக் கூப்பிடு.”

அனார்கான் மேசையில் சிந்திய பூர்சோக் துகள்களை விரலால் கூட்டிச் சேர்த்தாள்.

“ஒரே ஒருத்தர் போதும்மா.”

“எல்லாரும்... வெந்நீர் ஊத்துக்குப் போயிருக்காங்க.”

“போன் போட்டு வரச்சொல்லு.”

“போட்டேன். மலையிலேர்ந்து ஆட்டு மந்தை எறங்குதாம். பஸ் நடுவுல நிக்குது.”

ஐஜாமால் மெல்லத் தன் குறிப்புகளைப் புரட்டினாள். காலி மெத்தைகள், வராத ஆட்கள், ஒரு நிமிஷத்து வெளியேற்றம். அவள் காது சிவந்தது. ஆட்டுக்கொழுப்பு தட்டுகளில் உறையத் தொடங்கியது.

“நான் சொல்லலாமா?” என்றார் பெய்ஷெனாலி.

“நீங்க ஐம்பத்தெட்டு” என்றாள் ஐஜாமால். “சாரைவிட ஒரு வயசு சின்னவரு.”

பெய்ஷெனாலி தொப்பியைக் கழற்றினார். “எனக்குக் காலையில எண்பத்தொண்ணு அம்மா. இந்தப் பொண்ணு பயத்துல கொறைச்சிருச்சு. சாம்பல்னு சொன்ன தாடிய வேணா இழுத்துப் பாத்துக்கோ. மொத ரூம்ல இருக்கேன். நீ அழுத்திப் பாத்துக் குழியே இல்லேன்னு சொன்னியே, அது என் மெத்தைதான். நேத்துத்தான் புதுசு போட்டாங்க.”

அனார்கான் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் ஒமூர்கானோவுக்கு அப்போது கோபப்பட நேரமில்லை. ஒரு முதியவர் கிடைத்துவிட்ட நிம்மதியில் இருந்தார். இடுப்பெலும்பை அவரே எடுத்து பெய்ஷெனாலி முன் வைத்தார்.

“சொல்லுங்க பெரியவரே.”

பெய்ஷெனாலி கையேந்தினார். மேசையைச் சுற்றி உள்ளங்கைகள் விரிந்தன.

“கடவுள் உங்க எல்லாருக்கும் நீண்ட ஆயுசு குடுக்கட்டும். எண்பது தாண்டட்டும், தொண்ணூறு தாண்டட்டும். முடி நல்லா வெள்ளையா நரைக்கட்டும்.”

ஒமூர்கானோவ் லேசாக நெளிந்தார்.

“பல்லு விழுந்தாலும் பசி விழாம இருக்கட்டும். வயசான காலத்துல நீங்க யாரும் தெருவுல நிக்கக் கூடாது. இதே வீட்டுல உங்களுக்கு ஒரு கட்டில் கெடைக்கட்டும். இன்னிக்கு நீங்க இந்த வீட்ட எப்படி விட்டுட்டுப் போறீங்களோ, அப்படியே, ஒரு ஆணி மாறாம, உங்களுக்குக் கெடைக்கட்டும்.”

அவர் நிறுத்தினார். ஓமினுக்காகக் காத்திருந்தார்.

ஓமின் வரவில்லை. கைகள் அந்தரத்தில் நின்றன. சமையல்காரி டீக்கூஜாவோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“தாத்தா,” என்றாள் ஐஜாமால் மெதுவாக, “அந்த ‘ஒரு ஆணி மாறாம’ங்கறத மட்டும் கொஞ்சம் பொதுவா சொல்லலாமா?”

“நீதானம்மா சொன்ன, தெளிவா சொல்லலேன்னா இல்லேன்னு அர்த்தம்னு.”

குபானுக்குத்தான் முதலில் பொறுமை போனது. “பெரியவரே, அந்த ஒன்பது குழிப் பலகை... எனக்கு அந்த ஆட்டம்னா உசுரு. பெயிண்ட பாத்துட்டு எப்படி உக்காந்திருக்கறது?”

“உருண்டைய திருப்பிக் குடுங்க” என்றார் ஒமூர்கானோவ், கையை இறக்காமல். “அது வெறும் பரிந்துரைதான்.”

“சேத்துக்கறேன்” என்றார் பெய்ஷெனாலி. “வேற?”

“கைத்தடி” என்றாள் ஐஜாமால். “எங்க வீட்டுல எல்லாருக்கும் முட்டி சரியில்ல. எனக்கும் வரும்.” கொஞ்சம் தயங்கி, “அப்புறம் மணி அடிச்சா ஒருத்தர் வரணும்” என்றாள்.

“அது வேற பிரிவாச்சே.”

“சேத்துக்கோங்க தாத்தா.”

“டீ” என்றார் ஒமூர்கானோவ். நெற்றியில் வியர்வை இறங்கியது. துடைக்கக் கையில்லை. “சூடா இருக்கணும். வாய் சுட்டாலும் பரவால்ல. என் வாய்தானே.”

“சேத்தாச்சு. அவ்வளவுதானா? ஓமின் சொல்லலாமா?”

யாரும் சொல்லவில்லை. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கூடத்தின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பின்கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து, மூச்சால் வட்டம் போட்டுக்கொண்டு நின்றாள் குதிரை.

“அந்தக் கதவு,” என்றார் ஒமூர்கானோவ். குரல் மாறியிருந்தது. “எப்பவும் பூட்டியேதான் இருக்குமா அண்ணே?”

“நிரந்தரமாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க.”

“நானும் மலையில பொறந்தவன்தான். காலையில எங்கப்பன் கூடாரத்துத் துணியத் தூக்கினா மொதல்ல தெரியறது குதிரைங்கதான்.” அவர் விரித்த கையோடு கதவுப் பக்கம் தலையசைத்தார். “தெறங்கம்மா. அத மொதல்ல தெறங்க.”

“சாவி என் ஏப்ரன் பையில இருக்கு” என்றாள் அனார்கான். “கைய எப்படி எறக்கறது?”

சமையல்காரி கூஜாவைக் கீழே வைத்தாள். அனார்கானின் பையில் கையை விட்டுத் துழாவினாள். சாவி வந்தது. அவள் நடந்துபோய்ப் பூட்டைத் திறக்கும்வரை, மூன்று அரசாங்க அலுவலர்களும் ஒரு தலைவியும் உள்ளங்கையை விரித்துவைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள். கதவு திறந்தது. ஆப்பிள் வாசனையும் சாண வாசனையும் ஒன்றாக உள்ளே வந்தன. பின்னாலேயே குதிரையின் தலையும் வந்தது.

“குதிரையும் இருக்கட்டும்” என்றார் ஒமூர்கானோவ். “சேத்துக்கோங்க.”

“இப்படியே, ஒரு ஆணி மாறாம, உங்களுக்குக் கெடைக்கட்டும்” என்றார் பெய்ஷெனாலி.

“ஓமின்.” அந்த ஓமின் சற்று உரக்கவே வந்தது. எல்லாரும் முகத்தை வழித்துக்கொண்டார்கள். ஒமூர்கானோவின் உள்ளங்கையில் கொஞ்சம் கறுப்புச் சாயம் வந்தது.

காரில் ஏறுவதற்கு முன் அவர் தனியாகத் தோட்டத்துக்கு வந்தார். பெய்ஷெனாலி குதிரையின் காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு அறுபத்தெட்டு.”

“தெரியும்.”

“இந்தத் தோட்டத்தப் பாத்த மாதிரி எத்தன ரூம் இருக்கு?”

“ரெண்டு. ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு சூராகானோடது.”

“அவங்க எப்படி இருக்காங்க?”

“வயிறு சுத்தமா போகுது” என்றார் பெய்ஷெனாலி. “நீங்க அவசரப்படாதீங்க.”

முடிவு வந்தபோது நான்கு நட்சத்திரம்தான் இருந்தது. அறிக்கையில் ஒரே ஒரு குறை. ‘பின்கதவு திறந்தே இருக்கிறது. இக்குறையைச் சரிசெய்ய வேண்டாம் என்று குழு பரிந்துரைக்கிறது.’ கூடவே நான்கு நட்சத்திரம் பொறித்த வெண்கலப் பலகை ஒன்றும் வந்தது. நல்ல கனம். முன்வாசலில் மாட்ட ஆணி தாங்கவில்லை. ஏரிக்காற்றில் பின்கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க, அனார்கான் அதைத்தான் கதவுக்கு அண்டக்கொடுத்து வைத்திருக்கிறாள்.